என்னை ஒப்புக்கொடுத்து ஜெபித்த மகனுக்கு

மக்களே, எனக்க மகனே ஜெபின்,

அம்மா உயிரோடதான் இருக்கேன். முதல் வரியிலேயே அதைச் சொல்லிடுறேன், ஏன்னா மார்த்தாண்டத்துல நம்ம சொந்தக்காரங்கள்ல பாதிப் பேருக்கு இன்னும் அதுல சந்தேகம் தீரல. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது நீ. வர்ற வியாழக்கிழமை என் நெஞ்சைத் திறந்து வால்வு மாத்தப் போறாங்க. அதுக்கு முன்னால உங்கிட்ட எனக்கு ஒரு சண்டை இருக்கு. நேர்ல போட்டா நான் சத்தம் போடுவேன், நீ "ஓகே அம்மா, ஓகே"ன்னு சொல்லிட்டு ஃபோனை எடுத்துப் பாப்ப. கழக்கூட்டம் ஐடி ஆபீஸ்ல மீட்டிங்கை அப்படித்தான் முடிப்பீங்க போல. அதனால எழுதுறேன். நீ பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளமும் இங்கிலீஷும். ஞாயிறு பள்ளியில சொல்லிக்கொடுத்த தமிழை வச்சு எழுத்துக் கூட்டித்தான் படிப்பன்னு எனக்குத் தெரியும். கூட்டிப் படி. ஒரு வரியும் விடாதே. படிச்சு முடிச்சதும் அந்தச் சொந்தக்காரங்க குரூப்லயும் போடு. நீ போட்ட செய்தியைப் படிச்சவங்க எல்லாரும் இதையும் படிக்கட்டும்.

நடந்ததை முதல்லேர்ந்து சொல்றேன். உனக்குத் தெரிஞ்சது உன் பக்கம் மட்டுந்தான். காய்ச்சல் வர்றதுக்கு முன்னால ஒரு நாள் பெய்த மழையில, நம்ம கடை இருக்கற சாலைக் கடைத்தெருவே ஆறா ஓடுச்சு. நம்ம பாத்திரக் கடைக்குள்ள தண்ணி ஏறி, சின்னப் போணிப் பாத்திரமெல்லாம் மிதக்க ஆரம்பிச்சிருச்சு. உன் அப்பா போன பிறகு நான் ஒத்தைக்கு நடத்துற கடை, சும்மா பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? நடுத்தெருவுல முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு மேல பாத்து, "ஆண்டவரே, போதும், நிறுத்தும், உமக்கு இரக்கமே இல்லையா"ன்னு கத்தினேன். பக்கத்து அரிசிக் கடை கரமனை மாமா இருக்காரே, அவர் மூட்டையை மேல ஏத்திக்கிட்டே, "ஏம்மா, உங்க கர்த்தர்கிட்ட என் கடைக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ, உங்க குரல் எட்டும்"ன்னார். சேத்துத்தான் கேட்டேன். மழை நிக்கல. ரெண்டு கடையிலயும் தண்ணி ஏறுச்சு. அந்தச் சாக்கடைத் தண்ணியில நின்னதுக்குக் கூலியா எலிக்காய்ச்சல் வந்து சேந்துச்சு, இங்க எலிப்பனின்னு சொல்ற சனியன். நீ இதைப் படிச்சு, "பாத்தியா, சத்தமா கேட்டு என்ன கிடைச்சுது"ன்னு மனசுக்குள்ள சொல்லுவ. சொல்லு. அதுக்கும் வர்றேன்.

காய்ச்சல் முத்தி, கிட்னி வேலை செய்யாம, நினைவு வந்தும் போயும் நான் ஐசியூவுல கிடந்த கதை உனக்கே தெரியும். டயாலிசிஸ் பண்ணினாங்க. இதயத்துல வால்வு சுருங்கியிருக்குங்கறதையும் அப்பதான் கண்டுபிடிச்சாங்க. பிறகு எப்படியோ மூத்திரம் பிரிஞ்சு, காய்ச்சல் இறங்கி, ஒரு காலையில என்னை ரூமுக்கு மாத்தினாங்க. அங்க இருந்த நர்ஸ் பிள்ளை என் கன்னத்தைத் தட்டி, "அம்மச்சீ, இனி பேடிக்கண்டா கேட்டோ, வீட்டுல போகாம்"னு, பயப்படாதீங்க வீட்டுக்குப் போகலாம்னு, சொல்லிட்டு, கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வச்சா. எத்தனை நாளைக்குப் பிறகு வாயில உப்புப் பட்டுச்சு தெரியுமா? ஸ்பூனை நானே பிடிச்சுக் குடிச்சேன். அந்த நேரத்துல ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னதை விட அந்தப் பயறுக்குத்தான் அதிகம் சொன்னேன்.

அப்ப கதவு திறந்துச்சு. என் தம்பி, அதான் உன் தங்கராஜ் மாமா, அவன் பின்னால மாமி, அவங்களுக்குப் பின்னால ஊர்ச் சபையிலேர்ந்து ஒரு கூட்டம். வேன் பிடிச்சு வந்திருக்காங்க. பொம்பளைங்க எல்லாரும் வெள்ளைச் சேலை. மாமி வாசல்லயே நெஞ்சில கைவச்சு, "எனக்க மைனியே, எங்களை விட்டுட்டுப் போனியளே"ன்னு ஆரம்பிச்சிட்டா. கட்டில்ல நான் ஸ்பூனும் கையுமா உக்காந்திருக்கேன், வாயில பாதிக் கஞ்சி. "எங்க போனேன், சந்தைக்கா?"ன்னு கேட்டேன். அவளுக்கு அழுகையை நிறுத்தவும் முடியல, மேல கொண்டுபோகவும் முடியல. விக்கல் வந்திருச்சு. நர்ஸ் பிள்ளை என்னை விட்டுட்டு அவளுக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தா. தங்கராஜ் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அக்கா, கல்லறைத் தோட்டத்துல அத்தான் பக்கத்துல இடம் கிடக்கான்னு பாத்துட்டுத்தான் வந்தேன்"ங்கறான். "கிடக்கா?"ன்னேன். "கிடக்கு அக்கா. நல்ல இடம். வெயிலே படாது"ன்னான். பாடகர் குழுவுல எந்தப் பாட்டுன்னு கேட்டு வரச் சொன்னாங்களாம். எந்தப் பாட்டு! எனக்கு வந்த ஆத்திரத்துல கஞ்சிக் கிண்ணத்தை அவன் தலையில கவுத்தியிருப்பேன், பசி மட்டும் இல்லாம இருந்தா.

அப்புறந்தானே விஷயம் வெளிய வந்துச்சு. முந்தின நாள் ஆபீஸ்லேர்ந்து நீ குரூப்ல போட்டிருக்க, "அம்மாவை ஒப்புக்கொடுத்து ஜெபிக்கவும்"னு. அடப்பாவி. நம்ம பக்கத்துல அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு உனக்கு யாரும் சொல்லித்தரலையா? டாக்டர் கையை விரிச்ச பிறகு, தொண்டையில தண்ணி இறங்காத நேரத்துல, போதகரைக் கூப்பிட்டு, கட்டிலைச் சுத்தி நின்னு, இந்த ஆத்துமாவை உம்ம கையில விட்டுடுறோம்னு பண்ற ஜெபம் அது. அந்த ஜெபம் முடிஞ்சா பொம்பளைங்க மூக்கைச் சிந்துவாங்க, ஆம்பளைங்க வெளிய போய்ப் பந்தல்காரனுக்குச் சொல்லுவாங்க. "இன்னாருக்கு ஒப்புக்கொடுத்து ஜெபம் பண்ணியாச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா, அடுத்தவர் "எப்ப எடுக்காவ?"ன்னுதான் கேப்பார். நீ அன்னைக்கு ஓடிவந்து, முகமெல்லாம் சிவந்துபோய், "மலையாளத்துல சமர்ப்பிச்சுப் பிரார்த்திக்கணும்னு சொல்லுவாங்கல்ல மாமா, சும்மா எல்லாத்துக்கும் சொல்லுவாங்க, அதைத்தான் தமிழ்ல போட்டேன்"ன்னு விளக்கம் கொடுத்த. எல்லாரும் சிரிச்சாங்க. மாமிகூட விக்கலோட சிரிச்சா. நானும் சிரிச்சேன். வெள்ளைச் சேலைக் கூட்டத்துக்கு ஆஸ்பத்திரி கேன்டீன்ல நீ காபியும் பழம்பொரியும் வாங்கிக்கொடுத்து வேன் ஏத்திவிட்ட. அதோட முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு வார்த்தை மாறிப்போச்சு, வாயில வந்தது தப்பிப்போச்சு, யாருக்கும் வரும்.

அதோட முடியல மக்களே. அன்னைக்குச் சாயங்காலம் நீ வீட்டுக்குக் கிளம்பும்போது கட்டில் பக்கத்துல நின்னு ஜெபிச்ச. மருமக பிரீத்தாவும் கூட நின்னா. நான் கண்ணை மூடியிருந்தேன், காது திறந்துதான் இருந்துச்சு. நீ சொன்னதை அப்படியே எழுதுறேன். "அன்பின் பரலோகப் பிதாவே, உமக்குச் சித்தமானால் அம்மாவுக்குச் சுகம் தாரும். சித்தமில்லையென்றால் அதை ஏற்றுக்கொள்ளும் பெலனை எங்களுக்குத் தாரும். வரப்போகிற காரியங்களையெல்லாம் தாங்குகிற மனதையும் எங்களுக்குத் தாரும், ஆமென்." நல்ல தமிழ். ஒரு சொல் பிழை இல்ல. ஆனா எண்ணிப் பாரு. எனக்கு வேண்டிக் கேட்டது அரை வரி, அதுக்கும் முன்னால ஒரு "சித்தமானால்". உனக்கு வேண்டிக் கேட்டது மிச்சம் எல்லாம். வரப்போகிற காரியங்கள்னா என்னடா? வேனும் பந்தலுமா? நான் உயிரோட, உப்புப்போட்ட கஞ்சி குடிச்ச வயித்தோட, உன் முன்னால கிடக்கேன். நீ நான் செத்த பிறகு உனக்கு வர்ற துக்கத்துக்கு முன்கூட்டியே மருந்து கேக்குற. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, குரூப்ல நீ போட்டது வார்த்தைத் தப்பே இல்ல. உன் வாய்க்குத் தெரியாம உன் மனசு சரியான தமிழைத்தான் எழுதியிருக்கு.

கோவம் வருதா? வரட்டும். எனக்கு அதைவிட வந்துச்சு. நீ எப்பவும் இப்படித்தான் ஜெபிக்கற. வேலைக்கு இன்டர்வியூ போனப்பவும் "கிடைச்சால் நல்லது, கிடைக்காவிட்டாலும் நன்மைக்கே". பிரீத்தா பிரசவத்துக்குப் போனப்பவும் அதே பல்லவி. சபையில உன்னை மெச்சாத ஆள் இல்ல. ஜெபின் தம்பி என்ன அடக்கமா ஜெபிக்கறான், எவ்வளவு பக்குவம்னு. பக்குவமாம்! கடையில இத்தனை வருஷம் உக்காந்தவ நான். ஒருத்தி வந்து, "பெரிய இட்லிக் கொப்பரை இருந்தா எடுங்க, இல்லைன்னாலும் பரவாயில்ல"ன்னு சொன்னா நான் பரண்ல ஏற மாட்டேன். அவளுக்கு அது வேண்டாம்னு அர்த்தம், மழைக்கு ஒதுங்க வந்திருக்கா. மகளுக்குக் கல்யாணச் சீர் வாங்க வந்தவ அப்படியா பேசுவா? "அக்கா, மேல ஒண்ணு இருக்கு, எனக்குத் தெரியும், இறக்குங்க"ன்னு ஸ்டூலை அவளே இழுத்துப் போடுவா. ஆண்டவர் என்னை மாதிரி முழங்கால் வலிக்காரக் கடைக்காரி இல்லதான், கேக்காமலே தர்றவர்தான், ஒத்துக்கறேன். ஆனா உனக்கு வேணுமா வேண்டாமான்னு உனக்கே தெரியணுமில்லையா?

உடனே நீ, இயேசு பிடிபடறதுக்கு முன்னால ஜெபிச்ச கெத்செமனே தோட்டத்தைக் கையில எடுப்ப, எனக்குத் தெரியும். இயேசுவே பிதாவின் சித்தம் ஆகட்டும்னுதானே சொன்னார்னு சொல்லுவ. சொன்னார். எப்பச் சொன்னார்? அந்தப் பாடுகளோட பாத்திரம் எனக்கு வேண்டாம், எடுத்துடும்னு கேட்ட பிறகு சொன்னார். பாத்திரக் கடைக்காரி நான், அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நின்னு நின்னுதான் வாசிப்பேன். தரையில முகங்குப்புற விழுந்து கேட்டார். வேர்த்து ஒழுகக் கேட்டார். ஒருக்கா கேட்டது போதாதுன்னு திரும்பப் போய்க் கேட்டார். கூட வந்தவங்க தூங்கிட்டாங்கன்னு கோவப்பட்டார். அதுக்கப்புறம் வந்த வார்த்தை அது. நீ என்னடான்னா கேக்கற பாகத்தை அப்படியே வெட்டிட்டு, கடைசி வரியை மட்டும் எடுத்து முதல்ல வச்சுக்கிட்ட. வேர்வை இல்ல, தரை இல்ல, இஸ்திரி போட்ட சட்டை கசங்கல. அது அடக்கம்னு யாராவது சொன்னா எங்கிட்ட அனுப்பு.

அதுக்காக நான் அந்த இன்னொரு கூட்டத்துல சேந்துட்டேன்னு நினைக்காதே. டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு, நம்ம தெருவுல ஜெபக் கூட்டம் நடத்துற அந்த பிரதர் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை, தோல் பை. "சிஸ்டர், ஆபரேஷன் வேண்டாம். செய்தா அவிசுவாசம். சுகம் கிடைச்சாச்சுன்னு வாயால அறிக்கை பண்ணுங்க, வால்வு தன்னால திறக்கும்"னார். நான் அவரை நல்லாப் பாத்தேன். "தம்பி, உங்க மூக்குக் கண்ணாடியை இஞ்ச கழட்டி வச்சிட்டு, விசுவாசத்துலயே வெளிய போய் பஸ் போர்டை வாசிச்சிட்டு வாருங்க, பிறகு என் நெஞ்சைப் பத்திப் பேசலாம்"னேன். மனுஷன் சாயாவைக்கூடக் குடிக்கல. அவர் பண்றதுக்குப் பேர் ஜெபமா? வேலைக்காரனை ஏவற மாதிரி ஆண்டவரை ஏவுறது. "கட்டளையிடுகிறேன், கட்டளையிடுகிறேன்"னு கத்துறவனுக்கும், "எதுவானாலும் சரி"ன்னு முணுமுணுக்கறவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல மக்களே. ரெண்டு பேரும் கேக்கல. கத்துறவன் இல்லைன்னு ஒரு பதில் வரவே கூடாதுங்கறான், நீ இல்லைங்கற பதிலை நீயே சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போற. கேக்கறவனுக்குத்தான் தைரியம் வேணும். இல்லைன்னு சொல்லிடலாங்கறது தெரிஞ்சே கையை நீட்டணும். அதைத்தான் நான் விசுவாசம்னு சொல்றேன், வேற பெரிய வேத விளக்கம் எல்லாம் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்த மறுநாள் உங்கிட்டச் சத்தமாவே கேட்டேன். "எதுக்குடா எனக்க உயிரைக் கேக்க உனக்கு இவ்வளவு கூச்சம்?"ன்னேன். நீ ஷூ கயித்தைக் கட்டிக்கிட்டு, தலையைக்கூட நிமுத்தாம, "அம்மா, நான் ஒருக்கா கேட்டாச்சு"ன்ன. அப்படியே எழுந்து போயிட்ட. பைக் சத்தம் கேட்டுச்சு. நான் கதவுப் பக்கத்துலயே உக்காந்துட்டேன். அதுவரைக்கும் உன் மேல இருந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. போன கோவம் வேற ஆளைத் தேடிப் போச்சு, அந்த ஆள் யாருன்னு உனக்கும் தெரியும்.

நீ ஆறாங்கிளாஸ் படிச்சப்ப. அப்பாவுக்கு ஈரல் கெட்டு, உடம்பெல்லாம் மஞ்சளா, வயிறு வீங்கி, ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீட்டுல ஜெபக் கூட்டம் வச்சாங்க. பெரியவங்க எல்லாரும் ஜெபிச்சு முடிச்ச பிறகு, யாரும் கூப்பிடாமலே நீ முன்னால வந்து முழங்கால் போட்டு, சத்தமா, "ஆண்டவரே, எனக்க அப்பாவ எனக்குத் தாரும். எனக்கு வேணும். எனக்கு இப்பவே வேணும்"னு கேட்ட. தரையை அடிச்சு அடிச்சுக் கேட்ட. வீடே அழுதுச்சு. சபை மூப்பர் ஒருத்தர் உன் தலையில கைவச்சு, "பிள்ளைக்க ஜெபத்தை கர்த்தர் தள்ள மாட்டார், பாத்துக்க"ன்னு வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தாங்க? அந்த வாரமே அப்பா போயிட்டார். அடக்கம் முடிஞ்சு எல்லாரும் திரும்பி வந்த நேரத்துல, அதே மூப்பர், அதே வாயால, சாயா குடிச்சுக்கிட்டே, "விசுவாசத்துல எங்கயோ ஓட்டை விழுந்திருக்கு, இல்லைன்னா இப்படி ஆகாது"ன்னார். நீ அவருக்கு எதிர்ல நின்னுக்கிட்டிருந்த.

நான் அவர் கையிலேர்ந்த கிளாஸைப் பிடுங்கி முற்றத்துல வீசினேன். "ஓட்டை உம்ம மண்டையிலதான் விழுந்திருக்கு, இறங்கும் வெளிய"ன்னு தெரு முழுக்கக் கேக்கும்படி கத்தினேன். நீ என் சேலையைப் பிடிச்சு இழுத்து, "அம்மா, வேண்டாம், எல்லாரும் பாக்காவ"ன்னு கெஞ்சின. அன்னைக்கிலேர்ந்து நீ சத்தத்தைக் கண்டா ஓட ஆரம்பிச்சிட்ட. என் சத்தத்தையும், உன் சொந்தச் சத்தத்தையும். நான் அவரைத் துரத்தினது சரிதான், இன்னைக்கு வந்தாலும் துரத்துவேன். ஆனா அவர் போனாலும் அவர் வார்த்தை உன் காதுக்குள்ள குடியேறிடுச்சுங்கறது எனக்கு இப்பத்தான் தெரியும். இத்தனை வருஷமா, ஒவ்வொரு ஜெபத்துலயும் "சித்தமானால், சித்தமானால்"னு நீ சொன்னது ஆண்டவருக்குக் கொடுத்த மரியாதை இல்ல. இன்னொரு ஓட்டை விழுந்தா அது உன் தலையில வரக்கூடாதுன்னு போட்ட பூட்டு. ஐயோ மக்களே, ஒரு சின்னப் பிள்ளை கழுத்துல தகப்பன் சாவைக் கட்டித் தொங்கவிட்டுட்டு அந்த மனுஷன் நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கார். நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

நல்லாக் கேட்டுக்கோ. உன் ஜெபத்துல ஓட்டை இல்ல. நீ கேட்டது சரி, கேட்ட விதமும் சரி. ஆண்டவர் இல்லைன்னுட்டார். ஏன் இல்லைன்னார்னு எனக்குத் தெரியாது. நான் அவர்கிட்டக் கேக்காத நாள் இல்ல. "ஒரு பிள்ளை தரையை அடிச்சுக் கேட்டானே, உமக்குக் கேக்கலையா"ன்னு அடுப்படியில, கடையில, கரமனை ஆத்துப் பாலத்துல பஸ்ஸுக்குள்ள, எங்கயும் விடல. பதில் சொல்லல அவர். நானும் விடப்போறதில்ல. கோவிச்சுக்கிட்டுச் சபைக்குப் போகாம இருந்ததும் உண்டு, ஆனா பேச்சை நிறுத்தல. கோவம் வந்தா பேச்சை நிறுத்தறது நம்ம வீட்டுப் பழக்கம் இல்ல. அந்தப் பழக்கம் உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?

இன்னொண்ணு சொல்றேன். நீ தரையை அடிச்சுக் கேட்ட அந்தச் சாயங்காலத்தைப் பத்தி யார் பேசினாலும் நீ எழுந்து போயிடுவ, அதனால இது உன் காதுக்கு வரவே இல்ல. ஜெபக் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு, அப்பாவுக்கு நான் தண்ணி தொட்டு வாய் துடைச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு நாளா அவர் பேசல. கண்ணுகூடச் சரியாத் திறக்கல. தூங்குறார்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம். திடீர்னு என் கையைப் பிடிச்சு, "இவன் கேட்டதைக் கேட்டியாடி?"ன்னார். "கேட்டேன்"ன்னேன். "இப்பவே வேணும்னான்"ன்னார். மஞ்சக் கண்ணுல தண்ணி ஓடுச்சு, ஆனா அவர் முகம் அழற முகம் இல்ல. கல்யாணத்தன்னைக்குப் பாத்தேன் அந்த முகத்தை, அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் பாத்தேன். "மத்தவியோ எல்லாம் நான் போறதுக்கு ஜெபிச்சாவ. இவன் ஒருத்தன்தான் விட மாட்டேன்னான்"ன்னார். அப்புறம் பேசல. ஆனா பயந்து சாகல மக்களே உன் அப்பா. வேண்டாதவனா சாகல. அதை நீதான் கொடுத்த. ஆண்டவர் உனக்குத் தரல, நீ அப்பாவுக்குக் கொடுத்துட்ட.

இப்ப என் விஷயத்துக்கு வர்றேன். டாக்டர் எங்கிட்ட ஒளிக்கல. வயசு இருக்கு, கிட்னி ஒருதடவை அடிவாங்கியிருக்கு, ஆபத்து உண்டு, செய்யாம விட்டா அதைவிட ஆபத்துன்னு நேராச் சொன்னார். சரி, செய்யும்னு கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பயமா இருக்கு. சாலைக் கடைத்தெருவுல யார்கிட்டயும் பயப்படாத பொம்பளைதான், ஆனா நெஞ்சைப் பிளக்கப்போறாங்கன்னா பயமா இருக்காதா? எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும். ஓணத்துக்குக் கடை திறந்திருக்கணும். உன் பிள்ளை என்னை மலையாளத்துல திட்டறதைக் கேக்கணும். ஆண்டவர்கிட்ட என் பங்குக்கு நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், அவருக்குக் காது வலிச்சிருக்கும்.

வியாழக்கிழமை காலையில தியேட்டருக்கு உருட்டிக்கிட்டுப் போகும்போது, கதவு வரைக்கும் கூட வர ஒருத்தரை விடுவாங்களாம். நீதான் வர்ற. போதகர் வேண்டாம், தங்கராஜ் வேண்டாம், வெள்ளைச் சேலை ஒண்ணும் அந்த வராந்தாவுல நான் பாக்கக் கூடாது. அங்க நின்னு நீ ஜெபிக்கணும். தமிழ் வரலைன்னா மலையாளத்துல ஜெபி, ஆபீஸ் இங்கிலீஷ்லகூட ஜெபி, அவருக்குப் புரியும். "சித்தமானால்" வேண்டாம். அவர் சித்தத்தை அவர் பாத்துப்பார், நீ எடுத்துக் கொடுக்கணும்னு இல்ல. அழகா இருக்கணும்னும் இல்ல, நர்ஸுகள் திரும்பிப் பாத்தா பாக்கட்டும். மயக்க மருந்து ஏறுறதுக்கு முன்னால, என் காதுல விழற மாதிரிச் சத்தமா, "எனக்கு எனக்க அம்மா வேணும்"னு கேளுடா.

அம்மா